பனிமலைக்குப் போன கோடை டயர்

குழந்தைகளே, என் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. நாங்கள் இருக்கும் ஆக்லாந்தில் பனி விழாது. ஒருமுறையாவது பனியைக் கையில் அள்ள வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

போன குளிர்காலத்தில், வேகமாகப் போகும் எஸ்யூவி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, பழையதானாலும் டயர் மட்டும் புதிது என்ற தைரியத்தில் மகளோடு மலைக்குக் கிளம்பினேன்.

பனி கண்ணுக்குத் தெரிந்த நேரம், ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய், இரும்புத் தடுப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

“அப்பா, இட்ஸ் ரைட் தேர். நடந்து போலாம், ப்ளீஸ்ப்பா.”

“வேணாம்டா கண்ணு. ரோடு முழுக்க ஐஸ்.”

மெதுவாக வண்டியைத் திருப்பினேன். மலை மறையும்வரை அவள் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆக்லாந்து திரும்பியதும், ஹென்டர்சன் பகுதியில் டயர் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பரிடம் எலுமிச்சம்பழப் பூஜையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

“அண்ணை, இது கோடை டயர். குளிருக்க ரப்பர் இறுகிப்போம், ரோட்டைப் பிடிக்காது. தேசிக்காய் வைக்கக் குனிஞ்சனீங்கள், டயரில என்ன எழுதியிருக்கெண்டு பாக்கேல்லையோ?”

பனி டயரில் ஒரு மலையும் அதற்குள் பனிப்பூவும் அச்சிட்டிருக்கும் என்று காட்டினார். அந்த டயரைத் தேடி வாங்குவதற்குள் அந்த வருடப் பனி கரைந்துவிட்டது.

இப்போதெல்லாம் போகிற ஊரின் ரோட்டுக்கு என் டயர் சரிதானா என்று கேட்ட பிறகே சாவியை எடுக்கிறேன். இந்தக் குளிருக்குப் பனி டயர் மாட்டியாயிற்று. பள்ளி விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. யாழினி தினமும் வந்து, டயரில் இருக்கும் அந்தச் சின்ன மலையை விரலால் தடவிப் பார்க்கிறாள்.