மூடியோடு எடுத்த படம்

ரேஞ்ச்ஃபைண்டர் என்ற பழைய பாணிக் கேமராவின் வருங்கால மாடலில் என்னென்ன வேண்டும் என்று இணையக் குழு ஒன்றில் கேட்டிருந்தார்கள். பின்பக்கத் திரையே வேண்டாம், எடுத்ததை உடனே எட்டிப் பார்ப்பவன் கலைஞனே அல்ல என்று நீட்டி முழக்கினேன். எழுதிய வீராப்பில், அந்த வகையிலேயே திரையில்லாத டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கியும் விட்டேன்.

அதைத் தூக்கிக்கொண்டு அனுமந்தன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். குலை வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், படம் தருவதாகச் சொன்னதும் முகம் கழுவி, முந்தானையைச் சரிசெய்து பந்தலடியில் வந்து நின்றார். பத்துப் பதினைந்து படம் எடுத்தேன்.

"நல்லா விழுந்திருக்கா சார்?"

"பிரமாதமா வந்திருக்குக்கா."

அவர் தயங்கினார். "மூடியக் கழட்டாமயேல்ல எடுத்தீக?"

தடவிப் பார்த்தேன். லென்ஸில் மூடி. இந்தக் கேமராவில் நாம் பார்க்கும் கண்ணாடி லென்ஸுக்கு மேலே தனியாக இருக்கும். லென்ஸ் மூடியிருப்பது எடுப்பவனுக்குத் தெரியாது. எதிரே நிற்பவருக்குத் தெரியும்.

கழற்றிவிட்டு மறுபடி எடுத்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் சுற்றிலும் தோட்டத்து ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது புது மாடலுக்கா. மூடியோடயே எடுக்கும்."

அவர் நம்பிவிட்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் நான் தலைகாட்டவில்லை. அன்று வண்டியைக் கிளப்பும்போது, பக்கத்துப் பந்தலில் இருந்தவர்களுக்கு அவர் கொடுத்த குரல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை:

"ஏ ஆத்தா, மூடியத் தெறக்காமயே புடிக்கிற கேமராவாம்! எம்படத்தக் கொண்டாந்து தர்றேன்னு சொல்லியிருக்காக!"