லயம் எங்கே இருக்கு, அக்கா?

1. வந்த அன்றே செத்தாள்

"லயத்துக்குப் பின்னாடி ரெண்டு பேரு! நிஷா, லயத்துக்கு ஓடு!"

"லயம் எங்கே இருக்கு, அக்கா?"

கேட்டு முடிப்பதற்குள் நிஷா காலி. அடுத்து நாங்களும் காலி. அதுதான் அவளுடைய முதல் நாள்.

எங்கள் பயிற்சி அறை மலேசியாவில், குளுவாங்கில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் மாடியில் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து எதிர் அணியைச் சுடும் ஆன்லைன் விளையாட்டு. விளையாடுவதுதான் வேலை என்றால் என் சித்தி இன்னும் நம்ப மாட்டாள். கடைக்காரர் மணியம்தான் பாஸ். நான் ரோஸ்லின், ஸ்குவாட் லீடர். சுமதி, விமலா, நான் மூவரும் ரெங்கம் பக்கம் ஒரே எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். நான்காவதாக இருந்தவள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டதால், ஜோகூர் பாருவிலிருந்து நிஷா வந்தாள். செனாயில் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். குறி தப்பாத கை.

லீடரின் வேலை 'கால்' கொடுப்பது. எதிரி எங்கே, யார் எந்தப் பக்கம் போகணும் என்று மைக்கில் சொல்லணும். அதற்கு மேப்பில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர் வேண்டும். நான் எங்கள் எஸ்டேட்டையே தூக்கி அங்கே வைத்திருந்தேன். வரிசை வீடுகள் லயம். மேட்டு மாளிகை துரை பங்களா. பெரிய முற்றம் பெரட்டுத் திடல். எஸ்டேட்டில் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம் அது. ஃப்ளாட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? இதை யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. கோபம்தான் மூக்கு நுனியில் இருந்தது.

"பெரட்டு கூடத் தெரியாதா? என்னா பொண்ணுடி நீ!"

பாவம், மனப்பாடம் செய்தாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மனப்பாடம் நிற்குமா? பறந்துவிடும்.

பாஸ் சில நாள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ரோஸ், பொண்ணு நல்லாத்தான் சுடுது. ஆனா டீமோட ஒட்டல லா. சனிக்கிழம மால்ல மேட்ச் இருக்கு. அதுலயும் சொதப்புனா வேற ஆளப் பாத்துக்கலாம்."

கதவருகே நிஷா நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

2. நான் செத்த இடம்

மறுநாளும் அதே கூத்து. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப நீயே கால் குடு, பாக்கலாம்!"

"சரிக்கா" என்று மைக்கை வாயருகே இழுத்தாள். "அக்கா, கஸ்டம்ஸ்ல நிக்காதீங்க! பாலத்துலேருந்து ஆளு வர்றான்! பஸ் க்யூ பக்கம் ஓடுங்க!"

பாலமா? அந்த மேப்பில் பாலமே கிடையாது. திருதிருவென்று விழித்தேன். தலையில் குண்டு.

"அலமாக்! கஸ்டம்ஸ் எதுடி?"

"துரை பங்களாதான்க்கா. கஸ்டம்ஸ், பாலம், பஸ் க்யூ எல்லாம் அம்மா தெனம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற வழி. நான் மனசுக்குள்ள அப்படித்தான் பேரு வச்சிருக்கேன்."

விமலா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் வயிறு வலிக்கிற சிரிப்பு. சுமதி சொன்னாள்: "கஸ்டம்ஸும் வேணாம், பங்களாவும் வேணாம். இனிமே அது 'அக்கா செத்த இடம்'."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அடுத்த ஆட்டத்தில் "அக்கா செத்த இடத்துல ஒருத்தன்!" என்று விமலா கத்தியபோது, எங்கள் எல்லாருடைய துப்பாக்கியும் ஒரே பக்கம் திரும்பியது. யாரும் யோசிக்கவே இல்லை.

அன்றே பழைய பெயர்களைத் தூக்கிப் போட்டோம். ஒரு கையில் வடையோடு விளையாடி சுமதி குண்டடிபட்ட கண்டெய்னர், 'சுமதி வடை'. ஏணியில் ஏறத் தெரியாமல் விமலா மாட்டிக்கொண்ட கோபுரம், 'விமலா தொங்கல்'. நாங்கள் அசடு வழிந்த இடத்துக்கெல்லாம் பெயர் வைத்தோம். நிஷாதான் அதிகம் வைத்தாள். அந்தப் பெண் இவ்வளவு வாயாடி என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

3. மாலில்

சனிக்கிழமை மாலில் நல்ல கூட்டம். நாங்கள் மைக்கில் பேசுவது பார்க்க வந்தவர்களுக்கும் ஸ்பீக்கரில் கேட்டது. கடைசி ரவுண்ட். சுமதியும் விமலாவும் அவுட். எதிர் அணியில் ஒருத்திதான் பாக்கி, அவள் என்னையும் சுட்டுவிட்டாள். விழும்போது அவள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டேன். நிஷா மட்டும் முற்றத்தில் தனியாக, எதிரிக்கு முதுகைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தாள். செத்தாலும் மைக் உண்டு. வேறு நாளாக இருந்தால் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன்.

"சுமதி வடை!"

அவ்வளவுதான் சொன்னேன். நிஷா சட்டென்று திரும்பிச் சுட்டாள். ஆட்டம் முடிந்தது. நாங்கள் அவள் மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் மால் காவலரே ஓடி வந்துவிட்டார்.

புதிதாக லீடர் ஆகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் ஊரை மற்றவர்கள் தலையில் கட்டாதீர்கள். நான்கு பேரும் சேர்ந்து தோற்று, சேர்ந்து சிரித்தால், நான்கு பேருக்கும் தெரிந்த ஊர் ஒன்று உண்டாகிவிடும். அதற்கப்புறம் லீடர் ரொம்பக் கத்த வேண்டியதில்லை.

பாஸ் மூச்சு வாங்க மேடைக்கு வந்தார். "அது என்னா வடை? மால் பூரா என்னையத்தான் கேக்குறாங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் நிஷா முந்திக்கொண்டாள்.

"அது எங்க டீம் விஷயம், பாஸ். வெளியாளுக்குச் சொல்ல மாட்டோம்."