ஸ்வீட் பீக்கு ஒரு சாரம்

பதினாறு மாடிக் கட்டடத்துக்கெல்லாம் சாரம் கட்டியவர் அவர். முப்பது வருஷத்தில் அவர் சாரத்திலிருந்து ஓர் ஆள் விழுந்ததில்லை, ஒரு செங்கல் விழுந்ததில்லை. தெருவில் சாரக்காரர் என்றால்தான் தெரியும். முழங்கால் போய் வீட்டோடு உட்கார்ந்து ஐந்து மாதம். இனி நாம் எதற்கும் ஆகமாட்டோம் என்ற நினைப்பு மனுஷனை அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் மனைவி கொல்லைச் சுவரோரம் ஸ்வீட் பீ விதை போட்டாள். பட்டாணி இனம்தான், ஆனால் தின்ன அல்ல, பூவுக்கும் வாசனைக்கும். பதினொரு கன்று எழும்பியதும், "இதுக்கு ஏற ஏதாவது கட்டிக் குடுங்களேன்" என்றாள்.

கேட்கவேண்டுமா? தலைகால் புரியவில்லை அவருக்கு. பழைய கூட்டாளிகளிடம் சொல்லி இரும்புக் குழாய் வரவழைத்தார். கிளாம்ப் போட்டு முறுக்கி, ஏழடி உயரத்துக்கு நிறுத்தினார்.

"பூச்செடி ஏறப்போகுதா, யானை ஏறப்போகுதா?"

"எது ஏறினாலும் தாங்கும்."

செடி ஏறினால்தானே! மூன்று வாரம் குழாய்க்குப் பக்கத்திலேயே வளர்ந்து, பிடிப்பில்லாமல் தரையில் சாய்ந்தது. இரண்டு தண்டு ஒடிந்தும் போனது. அவள் ஒடிந்ததை எடுத்து ஓரமாகப் போட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாயங்காலம் தங்கையிடம் போனில், "ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு, மூங்கில் நட்டுடலாம்" என்றாள்.

சகலையாம்! ஓர் ஆணி ஒழுங்காக அடிக்கத் தெரியாத சகலை! அவருக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஸ்டூலைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செடியைப் பார்த்தார். இலை நுனியில் நூல் மாதிரி ஒரு சுருள். அதுதான் அதன் கை. குழாயைத் தொட்டது, வளைக்க முடியாமல் விட்டுவிட்டது. பக்கத்தில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நட்டுவைத்தார். மத்தியானத்துக்குள் குச்சியைச் சுற்றி இரண்டு வளையம்.

"ஆளு கைக்குக் கட்டியிருக்கேனே, மடையன்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். மூங்கிலும் தடிமன்தான், சகலை வந்தாலும் இதே கதிதான். நைலான் வழுக்கும். சணல் நூல்தான் சொரசொரப்பு. இரண்டு நாள் விடாமல் குழாய்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்கும் நூலை இழுத்து, சாண் அகலக் கட்டங்களாக, நூல் குறுக்கிடும் இடமெல்லாம் முடிச்சுப் போட்டார். மிஞ்சிய ஒன்பது கன்றையும் குச்சி வைத்து நூலில் ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை மூங்கிலோடு வந்தார், காபி குடித்தார், மூங்கிலோடு போனார்.

இரண்டாம் மாதம் சுவரே தெரியவில்லை. ரோஸும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூ, கொல்லை முழுக்க வாசனை. பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "ஆள் வச்சா கட்டினீங்க?" என்று கேட்டார்.

"ஆளா? எங்க வீட்டுக்காரர் கட்டினது. ஒவ்வொரு முடிச்சும் அவர் கையால. இந்தத் தெருவுல வேற யாருக்கு வரும்?"

செடிக்குப் பின்னால் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ இன்ஜினியர்கள் முதுகில் தட்டியிருக்கிறார்கள். இது அவள் வாயால்.

"என்ன சொன்னே? சரியாக் கேக்கலையே" என்றார்.

"எல்லாம் கேட்டுச்சு."

சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் சத்தமாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.