தமாஷா என்றால் நடப்பது

“தமாஷாங்கிறது அரபியிலேருந்து வந்ததாம்மா. சேர்ந்து நடக்கிறதுன்னு அர்த்தமாம்.” கைப்பேசியைப் பார்த்தபடி மகள் சொன்னாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன். பச்சை வைக்கோல் வாடை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். நான் அப்போது சிறுமி. ஆட்சி மாறிய புதிது. உழுகிறவனுக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். ஆனாலும் குத்தகைக்கு நாங்கள் பயிரிட்ட சம்பாவை அறுக்க, கோர்ட் அமீனா, போலீசோடு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார் மிராசுதார். தடுப்பார் என்று அப்பாவை முன்பே போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஊரே வரப்பில் கூடியது. தேர் பார்க்க வந்ததுபோல் சிலர் பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தார்கள்.

“இங்க என்ன தமாஷாவா நடக்குது?” போலீஸ்காரர் லத்தியைத் தட்டினார். யாரும் கலையவில்லை.

அம்மா கருக்கரிவாளோடு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “நாலு பேரு கூட வாங்க. நம்மளே எறங்கி அறுத்துடலாம்.”

எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அம்மா இறங்கினாள். அவள் பின்னால் இன்னொரு காலடி கேட்காதா என்று வரப்பில் நின்ற நான் கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா, என்ன ஆச்சு?” என்றாள் மகள்.

“போன்ல தப்பா போட்டிருக்கான்,” என்றேன். “உங்க பாட்டி ஒருத்திதான் நடந்தாங்க.”