கோபுரத்துக்குச் சிமெண்ட் பூசியவர்

விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் மேஸ்திரி. டொக்கென்று கேட்டால் நகர்ந்துவிடுவார். பூச்சு உள்ளே விட்டுப்போய்ப் பொத்தென்று கேட்டால் சாக்கட்டியால் வட்டம் போட்டு, "இங்கயும் நம்ம கைவரிசைதான்" என்பார். மூன்றாம் தளத்துக்குள் வட்டங்கள் நூற்றைத் தாண்டிவிட்டிருந்தன.

கலங்கரை விளக்கத்துக்கு வயது நூற்று நாற்பது. எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசி எழுப்பிய கல் கோபுரம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கங்கே காரை உதிர்ந்தபோது, பழுது பார்க்க வந்தவர் மொத்தத்தையும் சுரண்டி எறிந்துவிட்டுச் சிமெண்ட் பூசினார். நாற்பதே நாளில் முடித்ததற்குக் கைக்கடிகாரம் பரிசு. வாங்கியவர் இவரேதான். கடிகாரம் மூன்றாம் மாதமே நின்றுவிட்டதாம். "என் வேலை நிக்காதுன்னு அதுக்காவது முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்பார்.

படியேறும்போது ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று சட்டத்தைத் தடவிப் பார்ப்பார். "ஜன்னலைச் சோதிக்கிறேன்னு நெனச்சுக்கட்டும். மூச்சு வாங்குதுன்னு தண்டோரா போடணுமா?"

சீரமைப்புக்கு வந்த பொறியாளர் அம்மாவுக்கு இந்தப் பழங்கதை தெரியாது. வந்த முதல் வாரம் சுவர் வெடிப்பில் விரலை விட்டார். ஈர மணல் பொலபொலவென்று கொட்டியது. ஆட்கள் எல்லோரும் பார்க்கக் கேட்டார்: "எந்த அறிவாளி பண்ண வேலை இது?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த வேலையும் போனால் மருமகள் கையை எதிர்பார்த்து உட்காரவேண்டிய வயது. மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"அந்த அறிவாளி உங்க பின்னாடிதான் நிக்கிறான் மேடம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன் சிமெண்ட் பூசினீங்க?"

"கெட்டியா இருக்கும்னு நெனச்சேன். உள்ள போன உப்புத்தண்ணி வெளிய வர வழியில்ல. மூக்கையும் வாயையும் பொத்திட்டு மூச்சு விடுன்னா, பாவம், எப்படி விடும்?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "எந்த இடத்துல எவ்வளவு கனம்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா செஞ்ச வேலைதான் மேடம் மறந்துபோகும்."

வேலை தப்பியது. அடியிலிருக்கும் கல் சிதையாமல் சிற்றுளியால் சிமெண்டைப் பெயர்த்தெடுக்க ஏழு மாதம் பிடித்தது. வீட்டம்மா சொன்னதை வருவோர் போவோரிடமெல்லாம் இவரே ஒப்பிப்பார்: "நாப்பது நாள்ல பூசினதை ஏழு மாசமா பேக்குறீங்க. உங்களை மாதிரி ஆளுக்கு வேலையே தீராது."

இப்போது புதிதாகச் சுண்ணாம்புச் சாந்து ஏறுகிறது. வெயில் பட்டுச் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெல்லக் காயவிட வேண்டும். போன வாரம் உச்சிவெயிலில் மேல்தளத்தில் மேஸ்திரி மட்டும் இருந்தபோது, கடற்காற்று ஒரு சாக்கைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கீழே கூப்பிட்டார், காற்று இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மாற்றுச் சாக்கு எடுக்க நூற்றுச் சொச்சம் படி இறங்கி ஏறவேண்டும். அதற்குள் சாந்து காய்ந்துவிடும்.

சட்டையைக் கழற்றினார். வாளித் தண்ணீரில் முக்கி, ஈரச் சுவரின்மேல் விரித்து, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.