கம்பளத்தில் புங்க எண்ணெய்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் குமாஸ்தா நான். பதனிட்ட தோலுக்குப் புங்க எண்ணெய் தேய்ப்பதைத் தினமும் பார்க்கிறவன். காய்ந்தது, இறுகியது எதுவானாலும் அந்த எண்ணெயே மருந்து என்று எப்படியோ எனக்குள் ஊறிவிட்டது. இப்போது அந்த வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

அன்று வேலூரில் மிஸ்ஸியம்மா பங்களாவுக்கு மகளைப் பார்க்கப் போனபோதும் பையில் ஒரு சீசா இருந்தது, அவள் செருப்புக்காக. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுப்பவர் அந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாதான். சில மாதம் தம் வீட்டிலேயே வேலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார். மகளுக்கு அந்த வாரம் முடிவு தெரிய வேண்டும்.

கூடத்தில் அவள் விழித்துக்கொண்டு நின்றாள். கம்பளம் பெருக்கும் சீமைப் பெட்டி வேலை செய்யவில்லை. நீளக் கைப்பிடி வைத்த மரப்பெட்டி அது. தள்ளினால் ரப்பர்ச் சக்கரங்கள் நடுவிலுள்ள பிரஷ் உருளையை உரசிச் சுழற்றும். பிரஷ் குப்பையை வாரி உள்ளே போடும். இப்போது பிரஷ் அசையவே இல்லை.

"நவுரும்மா, நான் பாக்கறேன்."

"வேணாம்பா. மிஸ்ஸியம்மா வந்தா கேட்டுக்கிறேன்."

"இதுக்குப் போயி அவங்களா? ஷாப்புல எத்தினி மிஷின் பாத்திருக்கேன்!"

"பாத்திருக்கீங்க. தொட்டிருக்கீங்களா?"

சிரித்துக்கொண்டே சக்கரம், உருளை எல்லாவற்றிலும் தாராளமாக எண்ணெய் விட்டுத் தள்ளினேன். உரச வேண்டிய ரப்பர் வழுக்கியது. வெளிர்நிறக் கம்பளத்தில் நீளமாக எண்ணெய்க் கோடுகள். கூடமே ஷாப்பு மாதிரி நாறியது.

வாசலில் மிஸ்ஸியம்மா. "யார் எண்ணெய் விட்டது?" என்றார், நல்ல தமிழில்.

நானோ அவருக்குச் சொல்ல ஓர் ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் மகள், "நான்தாம்மா" என்றாள்.

"இல்லை, நான்" என்றேன்.

எண்ணெய் வழிந்த என் கையைப் பார்த்தார். பிறகு மகளிடம் கோபமில்லாமல் பேசினார். "கம்பளம் போகட்டும். வார்டில் ஒருத்தி மருந்தை மாற்றிக் கொடுத்தால், அவளுக்காகவும் நீ இப்படித்தானே சொல்வாய்? நோயாளி என்ன ஆவார்? இந்த வருஷம் வேண்டாம்."

மகள் உட்கார்ந்து பெட்டியைக் கவிழ்த்தாள். உருளையின் இரு முனையிலும் முடியும் நூலும் இறுகிச் சுற்றியிருந்தன. கவிழ்த்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள், சக்கரங்களைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாள், தள்ளினாள். பிரஷ் சுழன்றது. அதைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.

பங்களா கேட் வரை கூட வந்தாள்.

"அம்மாகிட்ட இன்னா சொல்லப் போறீங்கப்பா?"

"நடந்ததத்தான்."

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

காட்பாடியில் ரயிலேறியதிலிருந்து மனைவியிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையைத்தான் தேடிக்கொண்டு வந்தேன். ஆம்பூரில் இறங்கினால், அவள் ஸ்டேஷனுக்கே வந்து நின்றிருந்தாள்.

"இன்னா, சேத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.