மின்னல் கென்டாவுக்கு மெட்டுப் போட்டவர்

ஒலிபெருக்கிக்காரர் கட்டைவிரலை உயர்த்தியதும் மற்ற வாத்தியக்காரர்கள் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார்கள். சுரேந்தர் வாயைத் திறக்கமாட்டார். கீபோர்டில் ஒரு மெட்டின் முதல் வரியை மட்டும் வாசித்து நிறுத்திவிட்டு, மண்டபத்தில் எந்தத் தலை திரும்புகிறது என்று பார்ப்பார். பெரியவர்கள் திரும்புவதில்லை. பந்தியில் இலை போடுகிறவர்கள் திரும்புவதில்லை. முப்பது வயதைத் தொடாத ஏதோ ஒரு தலை, கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து, அம்மா கூப்பிட்டதுபோல் திரும்பும். அந்தத் தலையைப் பார்த்து சுரேந்தர் நெஞ்சில் கை வைப்பார்.

"என்ர ட்யூனுங்க."

மின்னல் கென்டா என்பவன் மின்னலைக் குதிரையாக்கி ஓட்டிய ஜப்பான் சிறுவன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்காக ஒரு காலத்தில் தினமும் சாயங்காலம் தொலைக்காட்சியில் தமிழ் பேசினான். ஜப்பானிலிருந்து வந்த பாட்டில் குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் போனதால், சென்னையில் டப்பிங் செய்தவர்கள் புதிதாகவே ஒரு பாட்டுப் போட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் யார் என்பது உலக இசை வரலாற்றில் தீராத ஐயங்களில் ஒன்று. உலகத்துக்கு இந்த ஐயம் இருப்பது இன்னும் தெரியாது. அது வேறு விஷயம்.

சுரேந்தரின் பூர்வீகம் தமிழக எல்லையோரம் ஹனூர் பக்கம். இருப்பு மைசூர். பகலில் ஊதுபத்தித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். முகூர்த்த நாட்களில் ஜடையன் மெல்லிசைக் குழுவின் கீபோர்டு. எத்தனை முறை குளித்தாலும் அவரைவிட்டுச் சந்தன வாசனை போகாது. ஒரு கல்யாணத்தில் அவர் மேடையேறியதும், மணப்பெண்ணின் அத்தை தெய்வமே எழுந்தருளிவிட்டதாக எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாசிக்கும்போது அவருடைய நடுவிரலுக்கு ஒரு வழக்கம் உண்டு. கீபோர்டின் நடுவே இருக்கும் ஒரு வெள்ளைக் கட்டையை மட்டும், தெருவில் கிடக்கும் சாணியைத் தாண்டுவதுபோல் தாண்டிவிடும். விட்டுப்போன சுரத்தைப் பக்கத்தில் நிற்கும் குழுத் தலைவர் ஜடையன் புல்லாங்குழலில் ஊதி நிரப்பிவிடுவார். பல வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. அது ஏதோ ஸ்டைல் என்று ஜடையன் நினைத்துக்கொண்டிருக்கிறார். தாண்டுகிறோம் என்பதே சுரேந்தருக்குத் தெரியாது.

கீபோர்டை நம்பி, மனைவியையும் மகளையும் மைசூரில் விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் அவர் சென்னையில் இருந்தது உண்மை. டப்பிங் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்ததும் உண்மை. மற்றதற்கெல்லாம் சாட்சி அவர் வாய்தான். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும் நேரம் பார்த்துத் தொலைக்காட்சிக்காரர்கள் விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

"உங்க பேரு வரும் வரும்னு நானும் புள்ளையும் கண்ணு கொட்டாம உக்காந்திருந்தோம். பிஸ்கோத்துத்தான் வந்துச்சு" என்பார் மனைவி கனகா. இதை அவர் வருத்தமாகச் சொல்வதில்லை.

மகள் அஷ்வினிக்குக் கல்யாணம் கூடிவந்தபோது வரலாறு அச்சேற வேண்டிய அவசியம் ஏற்பட்டது. பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குக் கீழே 'ரயில்வே பணிமனை (ஓய்வு)' என்று வருகிறது. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டமும் கம்பெனியும் ரயில் பெட்டிபோல நீள்கின்றன. பெண்ணைப் பெற்றவன் பெயருக்குக் கீழே மட்டும் மொட்டையாக விடுவதா? 'இசையமைப்பாளர், மின்னல் கென்டா' என்று எழுதிக் கொடுத்தார் சுரேந்தர். மாப்பிள்ளை தருண்குமார் அதைப் பார்த்துவிட்டு, அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்திவைத்தார்.

தருண்குமாருக்கு ஹெப்பாளில் மென்பொருள் வேலை. அது பிழைப்புக்கு. பிறவிக் கடமை அனிமே. அதைக் கார்ட்டூன் என்று சொல்கிறவர்களோடு அவர் காப்பி குடிப்பதில்லை. எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியிலேயே பார்ப்பார். டப்பிங் என்றால் பாயசத்தில் புளி கரைத்துவிட்டதுபோல் முகம் சுளிப்பார். அச்சை நிறுத்திய காரணத்தை நேரில் விளக்கிவிட்டுப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரேந்தர் வீட்டுக்கு வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க அங்கிள். நெட்ல மியூசிக்னு ஒரு ஜப்பான்காரர் பேருதான் இருக்கு."

"அது அவங்க பாட்டுக்குங்க மாப்ள. நம்ம பாட்டு நானுங்க போட்டது."

"ப்ரூஃப் பேக்கல்வா அங்கிள்?" சாட்சி வேண்டாமா என்று கேட்கும்போது அவருக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதே ஃபீல்டு. பத்திரிகையப் பார்த்தா என்னை ஓட்டித் தள்ளிடுவாங்க."

அஷ்வினி குறுக்கே வந்தாள். "ப்ரூஃப்பா? நெட்ல நான் ரெண்டு தடவை அப்பா பேரைச் சேர்த்தேன். காப்பி ஆறறதுக்குள்ள எவனோ தூக்கிட்டான், ஆதாரம் இல்லைன்னு."

தருண்குமார் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய், அது நீதானா?"

"ரூல்ஸ், அஷ்வினி."

நிலைமையைச் சரிசெய்ய நினைத்து தருண்குமார் மேலும் கெடுத்தார். "ஆனா அங்கிள், அந்தத் தமிழ் ட்யூன் எனக்குச் சின்ன வயசுலயே மனப்பாடம். விசித்திரமான ட்யூன். ஒரே நோட்டு மேல் ஸ்தாயில வரும், கீழ் ஸ்தாயில வரும். நடு ஸ்தாயில மட்டும் எங்கயுமே வராது, பல்லு விழுந்த மாதிரி. அப்படி யோசிச்சுப் போடணும்னா பெரிய மேதையாத்தான் இருக்கணும்."

"நான் மேதையில்லீங்களா?" என்றார் சுரேந்தர்.

"ஏனில்லாம?" சமையலறையிலிருந்து கனகாவின் குரல் வந்தது. "உப்பு வாங்கியாங்கன்னா சோடா உப்பு வாங்கியார்ற மேதை."

நிச்சயதார்த்தம் சரஸ்வதிபுரத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. அதுவரை பத்திரிகை அச்சாகவில்லை. சொந்த வீட்டு விசேஷம்போல ஜடையன் குழுவோடு வந்திருந்தார். கீபோர்டு புதியது, மேலே ஒட்டிய கண்ணாடித் தாளைக்கூட அவர் இன்னும் உரிக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். சுரேந்தர் மைக்கில் குனிந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். ஜடையன் திடுக்கிட்டுத் திரும்பினார். தன் நண்பரை ஏதோ வியாதி பிடித்திருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

மோதிரம் மாற்றியானதும் சுரேந்தர் ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்தார். மேடையோரம் வந்து நின்ற தருண்குமார் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஜடையன் வாய் நிறைய மைசூர்பாகு. ஊதி நிரப்ப ஆள் இல்லை. பாட்டின் நடுவே ஒரு பல் விழுந்தது. அடுத்த வரியிலும் அதே பல்.

தருண்குமார் மெல்லக் கையை நீட்டி, விரல் தாண்டிப் போன அந்த வெள்ளைக் கட்டையை அமுக்கப் போனார். சுரேந்தர் படாரென்று அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ஐயோ, அதத் தொடாதீங்க மாப்ள! ஒட்டிக்கும்!"

மைக் திறந்தே இருந்தது. மாமனார் மாப்பிள்ளையை அடித்ததைக் கண்ணாலும் காதாலும் அறிந்த மண்டபம் மொத்தமாக எழுந்து நின்றது.

"என்ன ஒட்டிக்கும்?" என்றார் தருண்குமார்.

"கட்டைங்க. அமுத்துனா எந்திரிக்காது. ஙொய்யுனு கத்திட்டே கெடக்கும். நகத்துல நோண்டித்தான் எடுக்கோணும்."

ஜடையன் மைசூர்பாகை விழுங்கினார். "ஏனப்பா, நேத்து வாங்குன பொட்டி. இதுல எங்க ஒட்டுது?"

சுரேந்தர் கீபோர்டை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். "இதில்லீங்க... சென்னையில, அந்த ஸ்டுடியோப் பொட்டி. மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. மாத்தவே இல்ல. அப்புறம் அந்தக் கட்டைய விட்டுப்போட்டுத்தான் கென்டாவுக்குப் பாட்டே போட்டேன்."

தருண்குமாரின் விரல்கள் காற்றில் கென்டாவின் மெட்டை வாசித்துப் பார்த்தன. நடு இடம் வந்ததும் நின்றன.

"நெட்ல போட முடியாது" என்றார் கடைசியில். "கண்ணால பார்த்தேன்னா ஒத்துக்கமாட்டாங்க. ரூல்ஸ். பத்திரிகைல போட்டுடலாம் மாமா."

"போட்டுத்தான் ஆகோணும்" என்றார் கனகா கீழேயிருந்து. "கையில அடி வாங்கிட்டீங்கல்ல."

"ஒரு தடவை வாசிங்க மாமா. முழுசா."

சுரேந்தர் வாசித்தார். முதல் வரியிலேயே மண்டபத்தின் பின்வரிசையில் வரிசையாகத் தலைகள் திரும்பின. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கண், கண்ணாடித் தாள் மின்ன நடுவே கிடந்த அந்தப் புத்தம் புதுக் கட்டை மேலேயே இருந்தது. அந்த இடம் வந்தது. ஜடையன் புல்லாங்குழலை உதட்டில் வைத்துக் காத்திருந்தார். சுரேந்தரின் நடுவிரல் கட்டைக்கு நேர் மேலே வந்து நின்றது, லேசாகத் தாழ்ந்தது, பிறகு தாண்டிப் போயிற்று.